லூலா என்று கூப்பிட்டவன்

பாட்டு ஏழு விநாடி கூடுதலாக ஓடியது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். நெவில் ஹார்ட்லி கவனித்தான். இரண்டு நிமிடம் இருபத்தாறு விநாடி என்பது அவனுக்குத் தன் பிறந்த தேதி மாதிரி. முப்பத்துமூன்று வருடமாக அந்த இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பர்ன்லியில் அவன் வீட்டு மாடியின் பின்னறையில், தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய ஆறாயிரம் தட்டுகளின் பழைய அட்டை வாசனைக்கும், ஒலிபெருக்கிப் பெட்டியின் சூடேறிய தூசி வாசனைக்கும் நடுவே, ஜன்னலில் நவம்பர் மழை சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கடைசியில் பாட்டின் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். "கதவைத் திறந்தே வை, நான் வந்துக்கிட்டிருக்கேன்" என்று அவள் மூன்று முறை பாடுவாள். மூன்றாவது முறை "வந்து" என்பதோடு சத்தம் அற்றுப்போகும். எப்போதும் அப்படித்தான்.

இன்றைக்கு மூன்றாவது முறையும் முழுதாகப் பாடினாள். நான்காவதாகவும் தொடங்கினாள்.

சுழலும் வேகம் குறைந்திருக்குமோ என்று தட்டுமேடையின் விளிம்புப் புள்ளிகளைப் பார்த்தான். வேகம் சரியாக இருந்தால் அவை சுழலும்போதும் நிற்பதுபோல் தெரியும்; அப்படித்தான் தெரிந்தன. நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து மறுபடி போட்டான். இரண்டு முப்பத்துமூன்று.

"நெவ்! அந்த லூலாவைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு இறங்கி வர்றியா?" கீழேயிருந்து அவன் மனைவி மவ்ரீன் கத்தினாள். "டீ ஆறிப்போகுது. அவ எங்கயும் ஓடிப் போயிட மாட்டா!"

"வர்றேன்டி" என்றான். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை.

லூலா என்று ஒருத்தி கிடையாது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. வட இங்கிலாந்தின் ஆட்டக் கூடங்களில் சோல் என்ற கறுப்பின அமெரிக்கப் பாட்டுத் தட்டுகளைப் போடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் விலைபோகாமல் மூட்டையாகக் கப்பலேறி வந்த தட்டுகளில், வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் சிக்கினால், நடுவில் உள்ள லேபிளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதிவிடுவார்கள். போட்டிக்காரன் உண்மைப் பெயரைத் தெரிந்துகொண்டு இன்னொரு பிரதியைப் பிடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நெவிலுக்கு அப்போது இருபது வயது; திமிருக்குக் கேட்க வேண்டுமா? மற்றவர்கள் மாவுப்பசை போட்டார்கள். ராய் பிக்கர்ஸ்டாஃப் என்கிற போல்ட்டன்காரன் கெட்டில் ஆவியில் தாளை உரித்துப் பார்ப்பவன் என்பதால், நெவில் மரவேலைப் பசையைத் தடவினான். மேலே 'லூலா கிரேஞ்ச்' என்று எழுதினான். லூலா, பக்கத்து வீட்டு நாயின் பெயர். கிரேஞ்ச், பஸ் நிற்கும் தெரு.

பத்து வருடம் கழித்துத் தாளை உரித்தபோது லேபிளும் சேர்ந்து பிய்ந்து வந்துவிட்டது. சிவப்புத் துணுக்குகள் மட்டும் மிச்சம். அதைவிடக் கேவலம், அவனுக்கு உண்மைப் பெயர் மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு பிற்பகல் கண்ணில் பட்ட பெயர். அதன்பின் ஆயிரம் தடவை சொன்னதெல்லாம் லூலா, லூலா, லூலா. உலகத்தில் இன்னொரு பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஊரெல்லாம் நெவில் ரகசியம் காக்கிறான் என்று நினைத்தது. அவன் காத்தது வெட்கத்தைத்தான்.

இந்த வருடம் கோடையில் மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு, மனசு தாங்காமல் ராயிடமே சொன்னான். வேறு யாரிடம் சொல்வது?

"அடப்பாவி!" என்றான் ராய். "முப்பது வருஷமா உன் வாயைப் பிடுங்கப் பாக்குறேன். உனக்கே தெரியாதாடா?"

"எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுடா. அவ பேரை அவளுக்கே திருப்பிக் கொடுக்காமப் போய்ச் சேர்ந்துட்டா, நான் மனுஷனே இல்ல."

ராய் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்து ஊசி சும்மா ஓடும் வழவழப்பான வளையத்தில், தட்டு வார்த்தவன் ஆணியால் கீறிய எண் ஒன்று இருந்தது. அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை பாட்டு இரண்டு ஐம்பதுவரை போனது. மேளம் நின்றுபோயிருந்தது. பிறகு கிட்டார் நின்றது. அவள் மட்டும், வாத்தியம் எதுவும் இல்லாமல், ஆளற்ற வீட்டில் பாடிக்கொண்டே ஒவ்வோர் அறையாகத் தேடி வருகிறவளைப் போல, சத்தம் குறையாமல், உண்மையில் கொஞ்சம் கூடிக்கொண்டே, பாடினாள். நெவில் அதைக் கேசட்டில் பதிந்தான். போட்டுப் பார்த்தால் கேசட்டில் இரண்டு இருபத்தாறில் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தான். அந்த வழவழப்பான வளையம் குறுகியிருந்தது. பாட்டின் வரி உள்ளே, உள்ளே என்று வளர்ந்து, கீறிய எண்ணில் பாதியைத் தின்றிருந்தது. விரல் நுனியால் தடவினான். நெருநெருவென்று இருந்தது. அன்றைக்கு அவன் பாட்டைப் போடவில்லை. தட்டை உறையில் செருகி, அலமாரியில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டு இறங்கினான்.

"என்ன, சண்டையா ரெண்டு பேருக்கும்?" என்றாள் மவ்ரீன்.

"யாருக்கு?"

"உனக்கும் லூலாவுக்கும். காலையில நான் துணி மடிக்கிறப்ப ஒரே பாட்டு. நீ போட்டுட்டு வெளிய போயிட்டியோன்னு நெனச்சேன்."

காலையில் அவன் ரொட்டி வாங்கப் போயிருந்தான். எதையும் போட்டுவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ராய் கூப்பிட்டான். குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "டேய் நெவ், எண் பேசிருச்சுடா! ஓஹாயோ, டொலீடோ. ஒரு சின்ன ஸ்டூடியோ. அங்க வேலை செஞ்ச பெரியவர் இன்னும் இருக்காரு. டாக்கெட் வீட்டு மூத்த பொண்ணுன்னு ஞாபகம் வச்சிருக்காரு, முதல் பேரு வரல. தங்கச்சி நம்பர் வாங்கிட்டேன். பேரு வெர்னிஸ்."

"பாடினவ?"

"அதைத்தான் அந்தம்மா சொல்ல மாட்டேங்குது. தட்டு யார்கிட்ட இருக்கோ அவனே கேக்கட்டும்னுருச்சு. நீயே பேசு."

சனிக்கிழமை மவ்ரீன் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். பிற்பகல் நான்கு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. நெவில் மாடிக்குப் போய், பின்னறையில் உட்கார்ந்து, நம்பரைச் சுற்றினான். அங்கே இப்போது காலை பதினொன்று. அந்தப் பக்கம் தொலைபேசி மணி நாலு முறை அடித்தது.

"வெர்னிஸ் டாக்கெட் பேசுறேன்."

அவன் தன்னைச் சொல்லிக்கொண்டான். தட்டைப் பற்றிச் சொன்னான். இங்கே வடக்கில், சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடங்களில், ஞாயிறு பகல் முழுக்க ஆடும் பையன்களும் பெண்களும் அந்தப் பாட்டுக்காக எப்படி உயிரை விட்டார்கள் என்று சொன்னான்.

"ஆடுனாங்களா?" என்றாள் அவள். "எங்க அக்கா பாட்டுக்கா? மிஸ்டர், இங்க அதை ஒரு ஈ காக்கா கேக்கல. ரெண்டு பெட்டி எங்க கட்டிலுக்கடியில கிடந்து, வெள்ளம் வந்தப்ப போச்சு. அவ லாண்டரியில வேலைக்குப் போயிட்டா. ஒன்பது வருஷம். ராத்திரி சட்டைக் கஞ்சி வாசனையோட வந்து படுப்பா. படுத்துக்கிட்டு, ஏன் வெர்ன், ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கலையான்னு கேப்பா."

நெவில் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஜனவரி பதினெட்டு, எழுவத்தாறு. காலையில பத்து மணி, சர்ச்சுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கோம். கண்ணாடி முன்னாடி தொப்பிக்கு ஊசி குத்திக்கிட்டிருந்தவ டக்குன்னு திரும்புனா. வெர்ன், என்னைக் கூப்பிடுறாங்கன்னா. யாருடின்னேன். லூலான்னு கூப்பிடுறாங்க, என்னைத்தான் சொல்றாங்கன்னா. அடி பைத்தியமே, நீ எங்கடி லூலான்னேன். சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. எவ்வளவு பேரு வெர்ன், எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க, நான் போகணும்னா. கதவைத் திறந்துக்கிட்டுப் போயிட்டா. செருப்புகூடப் போடல. பனியில காலடி உறைஞ்ச ஆத்து நடுவரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் இல்ல."

டொலீடோவில் காலை பத்து என்றால் இங்கே பிற்பகல் மூன்று. விரல் விட்டு எண்ண வேண்டிய தேவையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவன் ஒரு சங்கக் கூடத்தில், லூலா கிரேஞ்ச் என்று அறிவித்து, அந்தத் தட்டை முதன்முதலாகப் போட்டான். பாட்டு முடிந்ததும் கூட்டம் விடவில்லை. அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, யார் வேணும் உங்களுக்கு என்று கேட்டான். நானூறு பேர் கூரை இடிகிற மாதிரி லூலா என்று கத்தினார்கள். இன்னொரு தடவை என்றான். கத்தினார்கள். சத்தமா, அமெரிக்காவுக்குக் கேக்கணும் என்றான்.

"மிஸ்டர், நான் கேக்குறது ஒண்ணுதான்" என்றாள் வெர்னிஸ். "முப்பத்துமூணு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். யாரு அந்த லூலா?"

வாய்வரை வந்தது. சொல்லிவிடலாம். நாயின் பெயர் என்று எப்படிச் சொல்வது?

"நான் வச்ச பேரு மேடம்" என்றான். அழுதான். "நான்தான் கூப்பிட்டேன். உங்க அக்கா பேரு எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க. மன்னிச்சிருங்க."

பிறகு அவள் கேட்டாள்.

"அங்க யாரு பாடுறது?"

தட்டுமேடை சுழன்றுகொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. தட்டு அலமாரியில் இருந்தது. இல்லை, அலமாரியில் இல்லை. ஊசியின் கீழே இருந்தது. ஊசி கடைசி வளையத்தில் போய்க்கொண்டிருந்தது. கீறிய எண் முழுதும் மறைந்துபோயிருந்தது. கதவைத் திறந்தே வை. குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. கீழிருந்து வந்தது. கூடத்திலிருந்து. பிறகு படிக்கட்டிலிருந்து.

ஈரக் காலின் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. கஞ்சி போட்ட துணியின் வாசனை, அதோடு ஆற்றுச் சேற்றின் வாசனை. பூட்டியிருந்த முன்கதவு திறந்து கிடக்கிறது போல, மாடிவரை குளிர்.

"அது அவ குரல்" என்றாள் வெர்னிஸ். "கடவுளே. அது அவதான்."

ஊசி பிய்ந்த லேபிளில் முட்டி நின்றது.

பாட்டு நின்றது.

அவள் அறை வாசலில் நின்றாள். தொப்பி. ஒரு பக்கம் மட்டும் குத்திய ஊசி. காலுறையில் பனிக்கட்டி. வாய் திறந்தபடி இருந்தது. எதற்கோ காத்திருந்தாள்.

நெவில் தொலைபேசியை அவளை நோக்கி நீட்டினான். அதுதான் சரி என்று நினைத்தான். அவளுடைய பெயர் அதில் இருந்தது. அவளுடைய தங்கை அதில் இருந்தாள்.

"கூப்பிடுங்க மேடம்" என்றான். "வாசல்ல நிக்கிறாங்க. அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"எர்லீன்!" தொலைபேசி அலறியது. "எர்லீன், நான் வெர்னிஸ்டி! வீட்டுக்கு வாடி! எர்லீன் டாக்கெட்!"

எர்லீன். ஆமாம். சிவப்பு லேபிள், வெள்ளி எழுத்து. எர்லீன் டாக்கெட். எப்படி மறந்தான்?

"எர்லீன்" என்று அவனும் சொன்னான்.

அவள் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் யாருமில்லை. மறுபடி அந்தப் பெயரைக் கூப்பிடுவது கேட்டதும், கூப்பிடப்பட்டவள் உள்ளே போகட்டும் என்று, மரியாதையாக, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றாள்.

"திரும்புனாளா?" என்று வெர்னிஸ் கேட்டாள். "மிஸ்டர், என் அக்கா திரும்புனாளா?"

அவள் ஒதுங்கியே நின்றாள். உதடு நீலம். பனி உருகித் தரையில் சொட்டியது. அந்த முகத்தில் இருந்த ஏமாற்றத்தை அவனால் பார்க்க முடியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கலையா என்று கேட்டவளின் முகம். தாங்க முடியவில்லை. அவனையும் மீறி வாய் அசைந்தது.

"லூலா" என்றான்.

சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே வந்தாள். அவன் முழங்காலில் முழங்கால் படுகிற அளவுக்குக் கிட்டே வந்து நின்று, முதல் அடியிலிருந்து பாடத் தொடங்கினாள். தொலைபேசியில் வெர்னிஸ் தன் அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.