பொதிக்குப் பின்னால் வந்த வைரவர்

நான் கதிர்காம முருகன் கோயிலுக்கு இருபத்திரண்டு தடவை நடந்து போயிருக்கிறேன். ஒன்பதாவது தடவை யால காட்டில் ஒரு சிறுத்தை எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. பதினான்காவது தடவை ஒரு யானை என் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இந்தக் கொப்புளத்தோடா நடக்கிறாய்?" என்று கேட்டது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"யானை என்ன பாஷையிலை கேட்டது சாமி?" என்றாள் தேனுகா.

"சிங்களத்திலதான். அந்தக் காட்டு யானைக்குத் தமிழ் எப்படித் தெரியும்?" என்றேன்.

தேனுகாவுக்குப் பத்து வயது. விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். இந்த வருடம்தான் முதல் தடவையாக அவளும் அவளுடைய அம்மா சிவனேஸ்வரியும் நடக்க வந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நாற்பது பேர் புறப்பட்டோம். பொன்னையா முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் கடற்கரை ஓரமாக அவருக்குப் பின்னால் நடந்தோம்.

கதிர்காமம் போய்ச்சேர ஒன்றரை மாதம் ஆகும். தேனுகாவின் பள்ளிக்கூட விடுமுறை இரண்டு வாரம்தான். ஆகவே அவளும் அம்மாவும் திருகோணமலைவரை வருவதாக ஏற்பாடு.

இந்த நடைக்குச் சில வழக்கங்கள் உண்டு. பெரியவரோ சிறியவரோ, எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'தான். காலில் செருப்புக் கூடாது. வண்டியில் ஏறக் கூடாது. ஏறினால் அந்த வருட நடை முறிந்துபோகும். பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்ள முடியாது. களப்பு, அதாவது கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி, குறுக்கிட்டால் மட்டும் படகில் ஏறலாம். தண்ணீருக்கு மேல் நடக்க முருகனும் யாரையும் கேட்டதில்லை.

தேனுகாவின் நினைப்பெல்லாம் அந்தப் படகில்தான் இருந்தது. விசுவமடுவில் குளம் உண்டு, வாய்க்கால் உண்டு, வயல் உண்டு. ஆனால் அவள் ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. கொக்கிளாய்க் களப்பைப் படகில் கடந்து அக்கரைக்குப் போவோம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, இரவில் தூக்கத்திலும் கையை வீசித் துடுப்புப் போட்டாள் என்று அவளுடைய அம்மா சொன்னார்.

"சாமி, படகுக்கு இன்னும் எத்தினை நாள்?"

"மூணு நாள், சின்னச் சாமி."

"அக்கரையிலை என்ன இருக்கு?"

"மீனெல்லாம் கரையில ஏறி வெயில் காயும். நம்மளைக் கண்டா எழும்பி வணக்கம் சொல்லும்."

"சும்மா போங்கோ சாமி!" என்று சிரிப்பாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்பாள்.

செம்மலையில் தண்ணீர்ப்பந்தல் போட்டு எங்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்கள் தங்கள் நேர்த்திக்கடனை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். சிறிய துணியில் கற்பூரத்தை முடிந்து, "கதிர்காமத்திலை சேர்த்துவிடுங்கோ சாமி" என்பார்கள். யார் கொடுத்தது என்று நாங்கள் பெயர் கேட்பதில்லை. அது முருகனுக்குத் தெரியும். எல்லா முடிச்சுகளும் என் பொதிக்குள்தான் வரும். என் முகத்தில் நேர்மை தெரிவதுதான் காரணம். உங்கள் பொதிதான் பெரியது என்று பொன்னையா சொல்வார். அது பொறாமை.

செம்மலையை விட்டுக் கிளம்பியபோது ஒரு நாய் எங்களோடு வந்தது. மண்ணிற நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். நாற்பது பேர் நடக்க, அது எனக்குப் பின்னால் மட்டும் நடந்தது. நான் நின்றால் நின்றது. நான் படுத்தால் என் பொதியில் தாடையை வைத்துப் படுத்தது.

பொன்னையா நெஞ்சில் கையை வைத்தார். "இது நாயில்லை. வைரவர் சாமி, நாய் வடிவிலை. எங்களுக்கு வழித்துணையாய் வந்திருக்கிறார். ஒருத்தரும் விரட்டக் கூடாது!"

அதன் பிறகு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். "பழனியாண்டிச் சாமியிட்டை ஏதோ ஒரு சக்தி இருக்கு" என்று பேச்சு எழுந்தது. நானும் அடக்கமாக, போன பிறவியில் ஒரு பசித்த நாய்க்குச் சோறு போட்டதைச் சொன்னேன். கொக்குத்தொடுவாய் வந்தபோது அது பத்து நாயாகியிருந்தது. கொக்கிளாய் வந்தபோது நான் ஓர் அரசனாகி, நாய்களுக்கென்றே ஒரு மாளிகை கட்டியிருந்தேன்.

எல்லாருக்கும் ஒரு வடை கொடுத்த இடத்தில் எனக்கு இரண்டு வடை கிடைத்தது. ஓர் அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை. கும்பிடுகிறவரைத் தடுப்பது மரியாதையில்லை.

கொக்கிளாயில் ஒரு கோயில் வளவில் தங்கினோம். மாலை வெயிலில் களப்பு தகதகவென்று மின்னியது. விடிந்ததும் படகு. தேனுகா தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாய் சோற்றை முகர்ந்துவிட்டு அப்படியே விட்டது. பிறகு நாற்பது பேரின் கால்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்தது. கடைசியில் என் பொதியடியில் வந்து இருந்து, நாங்கள் வந்த பாதையைப் பார்த்து மெல்ல அனுங்கியது.

"அது ஆரையோ தேடுது சாமி" என்றாள் தேனுகா.

"என்னையத்தான் தேடுது."

"நீங்கள் இஞ்சைதானே இருக்கிறியள்? பிறகேன் தேடுது?"

எனக்கு அப்போது திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"ஒருக்காக் கிணத்தடிக்குப் போட்டு வாங்கோ சாமி. பொதியை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ."

போனேன். நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை. திரும்பி வந்தேன். வாலைக்கூட ஆட்டவில்லை. இப்போது தேனுகா என் பொதியைத் தூக்கிக்கொண்டு வளவின் மறுபக்கம் நடந்தாள். நாய் துள்ளி எழுந்து அவள் பின்னாலேயே ஓடியது.

"அது உங்களுக்குப் பின்னாலை வரேல்லை சாமி. பொதிக்குப் பின்னாலைதான் வந்திருக்கு."

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காலைத் தொட்டுக் கும்பிட்ட அம்மா, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்பதுபோல என் காலைப் பார்த்தார்.

தேனுகா பொதியை அவிழ்த்தாள். எல்லா முடிச்சுகளும் மஞ்சள் துணி. ஒன்று மட்டும் நீலக் கட்டம் போட்ட பழைய சாரத்துண்டு, இடுப்பில் கட்டும் லுங்கியின் கிழிசல். நாய் அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

"இதை ஆர் தந்தது?"

யாருக்கும் தெரியவில்லை. முருகனைக் கேட்க அங்கே வழியில்லை.

"தர்மிளா அக்கா, நீங்கள் செம்மலையிலை படம் எடுத்தனீங்கள்தானே? ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள் தேனுகா.

எங்களில் படம் எடுக்காமல் பத்து அடி நடக்காதவள் தர்மிளா. கைபேசியில் தள்ளித் தள்ளித் தேடினாள். ஒரு படத்தின் மூலையில், தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில், காலில் மாக்கட்டுப் போட்ட ஒருவர் கதிரையில் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சாரம். அதில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. கதிரைக்குக் கீழே, ஒரு காது மடிந்த நாய்.

"கால் முறிஞ்சபடியால் அவருக்கு நடக்க ஏலாது" என்றாள் தேனுகா மெதுவாக. "கையிலை வேறை துணி இல்லாமல் தன்ரை சாரத்தைக் கிழிச்சு முடிஞ்சு தந்திருக்கிறார். அவர் வீட்டுக்குள்ளை போனாப்பிறகு இது இந்த மணத்துக்குப் பின்னாலை வந்திருக்கும். அவரை நாங்கள் பொதிக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறம் எண்டு இது நினைக்குது."



"களப்பைக் கடந்திட்டால் அதுக்குத் திரும்பிற வழி தெரியாது" என்றார் பொன்னையா. "ஆனால் அந்தத் துணியைத் திருப்பி அனுப்பேலாது. நேர்த்தி முன்னுக்குத்தான் போகவேணும். பின்னுக்குப் போனால் குற்றம்."

பதினாறாவது தடவை முருகன் இதைப்பற்றி எனக்கு நேரில் சொன்னதை எடுத்துச் சொல்லப் பார்த்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அன்றைய பொழுது எனக்கு அப்படி.

"வேல்ச் சாமி, அவர் முருகனுக்கு நேர்ந்தது கற்பூரமோ, சாரமோ?" என்று கேட்டாள் தேனுகா.

"கற்பூரம்தான்."

"அப்ப கற்பூரம் முன்னுக்குப் போகட்டும். சாரம் பின்னுக்குப் போகட்டும்."

தன் பின்னலில் கட்டியிருந்த வெள்ளை ரிபனை அவிழ்த்தாள். கற்பூரத்தை அதில் சுற்றி இறுக்கி முடிந்து என் பொதிக்குள் போட்டாள். பொன்னையா அவளைப் பார்த்தார். வேலைப் பார்த்தார்.

"அரோகரா" என்றார். அவர் தோற்றுப்போனால் அப்படித்தான் சொல்வார்.

விடியற்காலை, கொக்கிளாய்ப் பொடியன் சிவகரன் ஐஸ் ஏற்ற லாண்ட்மாஸ்டரில், பின்னால் பெட்டி பூட்டிய சிறிய உழவு இயந்திரத்தில், செம்மலைப் பக்கம் புறப்பட்டான். "நாயை ஏத்திவிடுங்கோ. செம்மலையிலை இறக்கிவிட்டால் வீட்டை அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்" என்றான்.

சாரத்துண்டைப் பெட்டிக்குள் போட்டோம். நாய் பாய்ந்து ஏறியது. சிவகரன் இயந்திரத்தை முடுக்கினான். டகடகவென்ற சத்தத்துக்கு நாய் பயந்து, துண்டைக் கவ்விக்கொண்டு கீழே குதித்தது. மறுபடி ஏற்றினோம். மறுபடி குதித்தது. மூன்றாம் தடவையும் அதே கதை.

கரையில் படகு வந்து நின்றது. பாதிப் பேர் ஏறிவிட்டார்கள்.

தேனுகா படகைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். பிறகு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி இருந்து, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இயந்திரம் டகடகவென்றது. நாய் நடுங்கியது. ஆனால் குதிக்கவில்லை.

"பிள்ளை, இறங்கு!" அவளுடைய அம்மா ஓடிவந்தார். "வண்டி இன்னும் நகரேல்லை. இப்ப இறங்கினால் பிழையில்லை. நகர்ந்தால் உன்ரை நடை முறிஞ்சிடும், விளங்குதோ?"

"ஓம் அம்மா. விளங்குது."

"பிறகு படகு?"

தேனுகா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு அடுத்த வருசமும் படகு இருக்கும் அம்மா. இது அடுத்த வருசம்வரைக்கும் தேடிக்கொண்டிருக்க ஏலாதுதானே?"

சிவனேஸ்வரி கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் மூட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தானும் ஏறி மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

வண்டி நகர்ந்தது. தேனுகா பின்பக்கம் பார்த்தபடி இருந்தாள். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து காற்றில் பறந்தது. வளைவு திரும்பும்வரை அவள் கண் தண்ணீரைவிட்டு எடுபடவில்லை. அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது ஒரு புளுகு சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் அக்கரையில் ஒரு மரநிழலில் இருந்தபோது தர்மிளாவின் கைபேசி அடித்தது. தேனுகாவின் குரல்.

"சாமி! செம்மலைச் சந்திக்கு முன்னமே அது குதிச்சு ஓடிட்டுது! நாங்கள் பின்னாலை ஓடினம். அவர் வீட்டு வாசல் படலையடியிலை கதிரை போட்டு இருந்தவர். பேர் தவராசா. இது பாய்ஞ்ச பாய்ச்சலிலை கதிரையோடை விழுந்திட்டார். விழுந்து கிடந்தபடியே சிரிக்கிறார், அழுகிறார். ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லையாம்!"

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லை சாமி. மாக்கட்டுத்தான் கொஞ்சம் வெடிச்சுப்போச்சு. வேல்ச் சாமியிட்டைச் சொல்லுங்கோ, அதுக்குப் பேர் ஜிம்மியாம்."

"ஜிம்மியோ!" என்றார் பொன்னையா. இரண்டு நாளாக அதற்குத் திருநீறு பூசியவர் அவர்.

தேனுகாவின் குரல் தணிந்தது. "சாமி... படகு எப்பிடி இருந்தது?"

குழந்தையின் மனம் நோகக் கூடாதல்லவா? "அதுல என்ன தாயி இருக்கு?" என்றேன். "வெறும் தண்ணி. தலைசுத்து வேற. நீ வராததே நல்லது."

"பொய் சொல்லாதேங்கோ சாமி" என்றாள். "உண்மையாய் எப்பிடி இருந்ததோ அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் கூட்ட வேண்டாம். ஒண்டும் விடவும் வேண்டாம்."

எனக்கு வியர்த்தது. அப்படி ஒரு கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மண்ணில் சம்மணம் போட்டு இருந்துகொண்டு தொடங்கினேன்.

மணலிலிருந்து காலை எடுத்துப் படகில் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்ததைச் சொன்னேன். கரையில் கலங்கலாக இருந்த தண்ணீர் நடுவில் பச்சையானதைச் சொன்னேன். களப்பும் கடலும் சேரும் இடத்தில் கோடு கிழித்ததுபோல இந்தப் பக்கம் அமைதி, அந்தப் பக்கம் அலை. நட்டுவைத்த தடிகளில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. ஒரு மீன் துள்ளிப் படகுக்குள் விழ, தர்மிளா போட்ட கூச்சலில் மீனே பயந்து திரும்பக் குதித்தது. பொன்னையா ஒரு கையில் வேலையும் மறு கையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு, போய்ச்சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

"நடுவில திரும்பிப் பார்த்தேன்" என்றேன். "நீ போன பாதையில புழுதி மட்டும் தெரிஞ்சுது. முன்பலகையில உன் இடத்தில யாரும் உட்காரல. அப்படியே விட்டு வச்சிருந்தோம்."

நடை தொடங்க நேரமாகிவிட்டது. பொன்னையா வேலோடு எழுந்தவர், எல்லாரையும் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் தானும் இருந்தார்.

"அப்புறம் படகு மெதுவா மணல்ல முட்டிச்சு. இறங்கினா முழங்கால் அளவு தண்ணி. வெதுவெதுன்னு இருந்துச்சு. காலுக்கடியில மணல் நழுவிக்கிட்டே போச்சு. ரெண்டு எட்டு வச்சா, கரை."

கைபேசியில் தேனுகாவின் குரல் வந்தது.

"நானும் கரையிலை இறங்கிட்டன் சாமி" என்றாள்.