பாய்லரை அணைப்பவர்

பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பற்றுகிறது, பற்றியதுமே அணைந்துவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்த பெண் போர்வையைச் சுற்றியிருந்தாள். மாடியில் ஒரு கைக்குழந்தை கம்மிய குரலில் அழுதுகொண்டிருந்தது.

"குழந்தைக்கு நெஞ்சுச் சளி, அண்ணே. இன்னைக்கு எப்படியாவது வீடு சூடாகணும்."

நிலவறைக்கு இறங்கினோம். ஈரச்சுவரின் வாடைக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல், மூக்குப்பொடி நெடி.

"யாரும்மா பொடி போடறது?"

"என் மாமனார். போன வருஷம் தவறிட்டார்."

மேற்கொண்டு கேட்காமல் வேலையைப் பார்த்தேன். கேஸ் அழுத்தம் சரியாக இருந்தது. புகைக்குழாயில் அடைப்பில்லை. சுடரை உணரும் கம்பியைக் கழற்றி, கரியைத் தேய்த்து மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் குப்பென்று நீலச் சுடர் எழுந்தது.

"ஃபூ."

அணைந்தது.

சத்தம் பாய்லருக்குள்ளிருந்து வரவில்லை. என் காதோரத்திலிருந்து வந்தது.

மறுபடி பற்றவைத்தேன். மறுபடியும் ஊதல். இம்முறை என் பிடரி மயிர் அசைந்தது.

படிக்கட்டின் மேலிருந்து அவள் கணவன் கிசுகிசுத்தான். "விட்டுடும்மா. அப்பாவுக்குப் பிடிக்காது."

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "இருந்தவரைக்கும் இப்படித்தான் அண்ணே. நாங்க பத்தவைப்போம், அவர் இறங்கி வந்து அணைப்பார். குளிர்ல கெடந்தாத்தான் உடம்பு உரமேறும்பார். என் மாமியார் விறைச்சே போய்ச் சேர்ந்தாங்க."

சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினேன். அவளோ பாய்லருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க முன்னாடி நிக்கவே பயந்தவ நான். இப்போ உக்காந்தே பேசறேன். ஊதுங்க. நீங்க ஊத ஊத நான் பத்தவைப்பேன். செத்தவருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்குன்னு பாத்துருவோம்."

அழுத்தினாள்.

ஃபூ.

அழுத்தினாள்.

ஃபூ.

விளக்கு மங்கியது. பொடி நெடி மண்டைக்கேறி நான் தும்மினேன். அவள் விரல் மட்டும் பொத்தானை விட்டு நகரவில்லை. எத்தனையாவது தடவையோ தெரியாது, சுடர் எழுந்தது, படுத்தது, அணையவில்லை.

குழாய்களில் சூடு ஏறும் சத்தம் கேட்டது. மாடியில் அழுகை சட்டென்று நின்றது. கணவன் பதறி ஓடினான். சற்று நேரத்தில் அவன் குரல் வந்தது. "தூங்குது. மூக்குல வேர்த்திருக்கு."

அவள் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கண்ணாடி வழியே பார்த்தேன். காற்று வீச வழியே இல்லாத அந்தப் பெட்டிக்குள், சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

"இன்னும் ஊதறாரா அண்ணே?"

"ஊதறார்."

"ஊதட்டும்."

சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள். நான் மூடியைப் பொருத்தக் குனிந்தபோது சுடர் ஒரு கணம் நேராக நிமிர்ந்தது. எனக்குப் பின்னால் யாரோ மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார்கள்.

பிறகு அது மறுபடியும் சாய்ந்தது.