மூத்தவள் ஏற்ற பழி

"என் பிள்ளையோட சட்டையெல்லாம் எங்கடி?"

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மூத்த மருமகள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினாள். மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நோயில் போய்ச் சேர்ந்த இளைய மகனின் சட்டைகளை அதில்தான் மடித்து வைத்திருந்தாள். அவன் மனைவியைக்கூட அதைத் தொட விட்டதில்லை. இப்போது பெட்டி காலியாகக் கிடந்தது.

"ஊரான் கழிச்சுப் போட்ட துணியை வெட்டி வெட்டிப் பழகின கை! செத்தவன் துணியையும் விட்டு வைக்கலியா நீ?"

மூத்தவள் வேலை பார்த்த இடம் பழந்துணிக் கூடம். வீடுகளிலும் கடைகளிலும் ஒதுக்கிய துணிகளை வெளுத்து, தையல் பிரித்து, பைகளும் மிதியடிகளும் போர்வைகளும் தைக்கும் பெண்களின் கூடம். ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாமல் அங்கே சேர்ந்தவள், இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளாக ஆகியிருந்தாள். "கிழிஞ்ச எதையும் தச்சுடலாம். என் மாமியார் வாயைத் தவிர" என்று அவள் சொன்னால் கூடமே சிரிக்கும். கணவனை இழந்து மூலையில் முடங்கிக் கிடந்த ஓர்ப்படியான இளையவளையும் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போனவள் அவள்தான்.

பதில் சொல்ல வாயெடுத்தவள் கதவோரம் பார்த்தாள். இளையவள் நின்றிருந்தாள். காலிப் பெட்டியின் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது.

'வந்த வேளையே என் பிள்ளையை முழுங்கிட்டா' என்று நாளுக்கு ஒருமுறையாவது சொல்லும் மாமியார், இளையவளைத் தெருவில் நிறுத்த ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தாள். அவளுக்கோ பிறந்த வீடென்று ஒன்று இல்லை.

"நான்தான் வெட்டினேன், அத்தை."

மூத்தவளின் கணவன் அவளை அடிக்கவில்லை. அவளுடைய கத்திரிக்கோலை எடுத்துப் போய்ச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தான்.

"இனிமே அந்தக் கூடத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. மீறிப் போனா அப்படியே போயிடு."

அன்றோடு எல்லாம் முடிந்தது. கூடத்தில் அவள் இடத்துக்கு இளையவளை வைத்தார்கள். மாமியார் மூத்தவளோடு பேசுவதை நிறுத்தினாள். அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

கொல்லையில் துணி துவைக்கும்போது இளையவள் வந்து அழுவாள். "அக்கா, இன்னிக்குச் சொல்லிடறேன்... என்னால தாங்க முடியல."

"சொல்லிட்டு எங்க போவே? நான் பட்டதை வீணாக்காதே. போ, கூடத்துக்கு நேரமாச்சு."

இப்படிச் சொல்லி அனுப்பிவிடுவாள் மூத்தவள். ஆனால் இளையவள் படி தாண்டிப் போன பிறகு, அவள் விரல்கள் ஈரத் துணியின் தையலைத் தாமாகவே தடவிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மத்தியானமே இளையவள் திரும்பி வந்தாள். புதுத்துணியே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்போது பழந்துணிப் பையை யார் வாங்குவார்கள்? கூடத்தை மூடிவிட்டார்கள்.

மாமியார் பாய்ந்து வந்து மூத்தவள் முன்னால் நின்றாள். நெடுநாளைக்குப் பிறகு அவளிடம் பேசினாள். "இப்ப உன் வயிறு குளுந்துச்சா? தனக்கில்லைன்னதும் இவளுக்கும் இருக்கக் கூடாதுன்னு கொள்ளிக்கண்ணு வெச்சியே, பாவி!"

"அத்தை!" இளையவள் வீறிட்டாள். "அவங்களை ஒரு வார்த்தை சொல்லாதீங்க! சட்டையை வெட்டினது நான்... நான்தான்!"

மாமியார் மெல்ல அவள் பக்கம் திரும்பினாள்.

"அவர் சட்டையில எனக்கு ஒண்ணாவது குடுத்தீங்களா? எல்லாத்தையும் சேர்த்து ஒரு போர்வையாத் தச்சு, போத்திக்கிட்டுப் படுக்கணும்னு ஆசைப்பட்டேன், அத்தை... வீட்டுக்குக் கொண்டு வரப் பயந்து கூடத்துல வெச்சிருந்தேன். விக்கிற மூட்டையோட மூட்டையா அதையும் ஏத்தி அனுப்பிட்டாங்க. எனக்கும் இல்லாமப் போச்சு... உங்களுக்கும் இல்லாமப் போச்சு..."

மாமியார் தள்ளாடியபடி மூத்தவளின் தோளைப் பற்றினாள். "நீ ஏம்மா வாயைத் தொறக்கல? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அன்னிக்கே இவளைத் துரத்தியிருப்பீங்க, அத்தை."

அது உண்மைதான் என்று மாமியாருக்குத் தெரியும். மருமகளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தம் கேட்டு வந்து நின்ற கணவன் தலையைக் குனிந்துகொண்டே, "வேணும்னா... நீ திரும்ப வேலைக்குப் போ" என்றான்.

"எங்கேங்க போறது?" என்றாள் அவள்.

மாமியார் மட்டும் விடுவதாக இல்லை. "நான் வந்து கால்ல விழுந்தாவது கேக்குறேன்" என்று மறுநாள் காலையில் மருமகள்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கூடத்தின் படியை அவள் மிதிப்பது அதுவே முதல் தடவை.

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. வாசலில் லாரி நின்றது. இரண்டு ஆட்கள் தையல் மெஷின்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் மூத்தவள். "ஊசியைக் கழட்டாம ஏத்தாதீங்க. ஒடஞ்சு உள்ள விழுந்தா மெஷின் பாழாயிடும்."

சொல்லிவிட்டு அவளே லாரியில் ஏறினாள். ஒவ்வொரு மெஷினாகத் திருகைத் தளர்த்தி ஊசியைக் கழற்றினாள். இளையவளும் ஏறி, கழற்றிய ஊசிகளைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"யாரும்மா அது? எங்களுக்கு நேரமாகுதில்ல" என்று சலித்துக்கொண்டான் சுமை தூக்குபவன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் மூத்த மருமகப்பா. இங்க இருந்த அத்தனை பேருக்கும் தையல் சொல்லிக்குடுத்தவ."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டுவதில் முனைந்திருந்தான்.