மலையேறாதவள்

பச்சை வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்த செல்லியம்மாவின் இடது தோள் ஒருமுறை மேலே ஏறி இறங்கியது. கொசு கடித்தால் குலுக்குவதுபோலத்தான் இருந்தது. ஆனால் அவள் கை கடலையை விடவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அந்தத் தோள் மட்டும் வேறு யாருடையதோ போல அசைந்துவிட்டு அடங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் கல்பனாவுக்கு வாயிலிருந்த கடலை கசந்தது. மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் ஓட்டி, வெட்டி, ஒட்டிய அசைவு அது.

"இன்னாமா, தோள் வலிக்குதா?"

"எனக்கு இன்னா வலி? நீ துன்னு. பெங்களூர் போய் எலும்பா வந்துகீற. உன்ன எவன் கட்டுவான்?"

பிச்சாட்டூர் பக்கத்து ஏரிக்கரையில் அவர்களுடைய குலதெய்வம் கங்கம்மாவுக்குச் சிலை கிடையாது. மூன்று செங்கல், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். ஜாத்திரைத் திருவிழா அன்றைக்குச் செல்லியம்மாவின் உடம்புதான் சிலை. நைனா குவைத்தில் லாரி ஓட்டி அனுப்பிய பணத்தில் கல்பனா நடனமும் வீடியோவும் படித்தாள். திருப்பதியில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தார், வெண்கலச் சிலைகள் நிற்கும் கூடத்தில் ஏதாவது புதிதாகச் செய்யச் சொன்னபோது, அவள் அம்மாவைத்தான் அங்கே நிறுத்தினாள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே ஆளுயரத் திரை. அதில், ஜாத்திரையில் எடுத்த வீடியோவில், அருள் வந்து ஆடும் செல்லியம்மா. அவளுக்குப் பின்னால், அதே அடியெடுத்து ஆடும் கல்பனாவின் நிழல்.

ஊரில் அருள் வந்தவளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். கற்பூரம் ஏற்றி, மலையேறு தாயே என்று கேட்டு, அவள் ஏறுகிறேன் என்று சொல்லித் தரையில் சாய்ந்த பிறகுதான் பம்பை மேளத்தைக் கீழே வைப்பார்கள். கல்பனா அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டாள். முடிவில்லாமல் சுழன்றால்தான் அழகு என்று தோன்றியது. பம்பையின் உச்சத்திலிருந்து படம் மறுபடி முதல் அசைவுக்குத் தாவும். ஒட்டிய இடம் தெரியாது.

அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தில்தான் அம்மாவுக்கு அந்த அசைவு வருகிறது என்பதைக் கல்பனா மெல்லக் கண்டுகொண்டாள். அங்கே விடுமுறையென்றால் அம்மா அடித்துப்போட்டதுபோல நாள் முழுக்கத் தூங்குவாள். மற்ற நாட்களில், துணி மடிக்கும்போது கால் தாளம் தட்டும். பின்னிய கூந்தல் தானே அவிழும். ஜன்னல் சாத்திய அறையில் நசுக்கிய வேப்பிலையின் பச்சை வாசனையும் அதற்கடியில் கருகிய கற்பூரமும் சுவரிலிருந்தே கசிவதுபோலச் சுற்றிச்சுற்றி வரும். அம்மாவின் கன்னம் ஒட்டிப்போனது. திருப்பதி மாடி வீட்டைவிட்டு இறங்காதவளின் பாதங்கள் வெடித்து, வெடிப்புக்குள் ஏரிக்கரைச் செம்மண் ஈரமாக இருந்தது.

ஒரு மதியம் சோறு வடித்துக்கொண்டே அம்மா பேசினாள். குரல் அவளுடையது அல்ல.

"ஏன்டி என்ன இன்னும் நிக்க வெச்சிகீற? கால் நோவுதுடி."

கல்பனா எடுத்த தட்டைக் கீழே வைத்தாள்.

"உப்பு போட்டேனா?" என்றாள் அம்மா, அம்மாவாகவே.

முழுப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு கட்டிக் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு கல்பனா ஆட்டோ பிடித்தாள். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிரத்தினம் அவள் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், ஆர்ட்டுனு சொன்னீங்க, இப்ப கற்பூரத்த எடுத்துனு வந்துகீறீங்க? அலாரம் கத்தினா என் வேலை கோவிந்தா."

"அண்ணா, கதவ மட்டும் சாத்துங்க."

அவள் முகத்தைப் பார்த்து அவர் சாத்தினார்.

திரையில் வெட்டாத படம் ஓடியது. பம்பை ஏறியது. வெண்கலச் சிலைகளின் முகங்களில் நிழல்கள் ஏறி இறங்கின. இம்முறை படம் தாவவில்லை. ஜாத்திரையில் கற்பூரம் ஏற்றிய மாமாவின் குரல் கேட்டது.

"மலையேறுறியா தாயே?"

கல்பனா உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி உயர்த்தினாள். தோல் பொரிந்தது. கையை இறக்கவில்லை.

"ஏறுறேன்டா," என்றாள் திரையில் இருந்தவள். சாய்ந்தாள். பம்பை நின்றது.

கல்பனா புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினாள். வீட்டுக்குப் போன் செய்தபோது பக்கத்து வீட்டு ஜெயம்மா எடுத்தாள்.

"உங்கம்மாவா? இப்பதான் பாய்ல சாஞ்சா. குறட்டை எங்க ஊட்டு வரைக்கும் கேக்குது."

சுட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கல்பனா அழுதாள். முனிரத்தினம் பாட்டிலில் இருந்த தண்ணீரை அந்தக் கைமேல் ஊற்றினார்.

"அழாதீங்க மேடம். இங்க நிறுத்தினா இன்னா, உங்க ஆட்டம் எங்கயும் போவல. வந்த பசங்கல்லாம் போன்ல புடிச்சினு போய்கீறாங்க. குவைத்ல என் மச்சான் ரூம்ல இந்த வாரமா சாயந்தரம் ஆனா அதான். பெங்களூரு, சிங்கப்பூர்னு போய்க்கினே கீது. முடியவே மாட்டேங்குதே, அதாம் பசங்களுக்குப் புடிச்சிகீது."

தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. அவளுக்கு எரிச்சல் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரம். குறட்டை இல்லை.

தட். தட்.

பாயில் மல்லாந்து கிடந்த செல்லியம்மாவின் இடது தோள் முதல் அசைவில் ஏறி இறங்கியது. வலது கால், உச்சத்து வேகத்தில், தரையை உதைத்தது. கழுத்து, ஆட்டத்தின் நடுப்பகுதியில் வரும் மெதுவான சுழற்சியில். ஒன்றின் தாளம் மற்றொன்றுக்கு இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு போனில் ஓடுவதுபோல. ஒவ்வொரு இழுப்புக்கும் எங்கோ ஒரு மூட்டு சொடுக்கியது.

கண்கள் மட்டும் அம்மாவுடையவை. கல்பனாவையே பார்த்தன.

"அம்மா."

வேப்பிலை வாசனை. ஈரச் செம்மண்.

பாய்மேல் கிடந்த அம்மாவின் கை மெல்ல விரிந்தது.

சுண்டுவிரல் ஆடத் தொடங்கியது. பிறகு கட்டைவிரல்.

பிறகு மற்றவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக.