கேமராவுக்கு அந்தப் பக்கம்

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் நல்ல மழை. பழைய மாவு மில்லின் கோபுரத்தடியில்தான் அந்தக் கூடம். நனைந்த குடைகளின் வாடை, தரை கழுவிய மருந்தின் நெடி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. கோபுர உச்சியில் கூடு வைத்திருந்த வல்லூறுகளை, அங்கே பொருத்தியிருந்த கேமரா நாள் முழுக்கத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை.

அந்தக் கேமராவைப் பராமரித்தவன் அவளுடைய தம்பி. சுவரேறுவதில் கெட்டிக்காரன் என்பதால் ‘அணில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தளர்ந்துபோன கேமராவை இறுக்கிக் கட்ட உச்சிக்குப் போனான். “வந்து சாப்பிடறேன்க்கா, எடுத்து வெச்சிரு” என்று, தட்டைத் தொடாமலே போனவன். கயிறு கைவிட்டுவிட்டது.

“முடியலன்னா சொல்லும்மா, வேற ஆளப் போட்டுக்கலாம்” என்றார் மேலாளர்.

“வீட்ல உக்காந்தா சுவரே கடிக்க வருது சார். இங்கயே இருக்கேன்.”

திரையில் மூன்று குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சுருண்டைகளாகக் கிடந்தன. தாய் வல்லூறு ஒரு புறாவோடு வந்திறங்கியது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. ஒலிபெருக்கியில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே சதை கிழியும் சத்தம்.

“இப்பப் பாருங்க, சின்னச் சின்னத் துண்டா கிழிச்சு ஊட்டும்” என்றாள்.

வல்லூறு கிழித்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. அவற்றைத் தாண்டி, கேமராவுக்குப் பக்கவாட்டில், படத்துக்கு வெளியே அது கழுத்தை நீட்டியது.

திரும்பியபோது அலகு காலியாக இருந்தது.

மறுபடி ஒரு துண்டு. மறுபடியும் அங்கேயே.

“அந்தப் பக்கம் இன்னொரு குஞ்சு இருக்காம்மா?” என்று முன்வரிசையில் இருந்த பெண்மணி கேட்டார்.

“ஆமாங்க” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அந்தப் பக்கம் இருந்தது ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கல் விளிம்பு. அணில் நின்று வேலை செய்கிற இடம்.

அடுத்து வந்த நாட்களிலும் அதே கதைதான். எத்தனை இரை வந்தாலும் குஞ்சுகளுக்குப் பொட்டுச் சதை கிடைக்கவில்லை. ஒன்று தலையைத் தொங்கப்போட்டது. பிறகு எழவே இல்லை. அன்று கூட்டம் கலைந்த மதியத்தில், காற்று ஓய்ந்த ஒரு கணம், ஒலிபெருக்கியில் மெல்லுகிற சத்தம் கேட்டது.

பறவை மெல்லாது. விழுங்கும்.

அது மேலாளர் காதிலும் விழுந்தது. அவர் ஒலியைக் குறைத்தார்.

“சார், மேல போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். கோபுரக் கதவின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

இரும்புப் படிகளில் ஏறும்போதே பச்சை ரத்தத்தின் வாடை இறங்கி வந்தது. உச்சிக் கதவை ஒரு கை அகலம் திறந்தாள். கூட்டைச் சுற்றி இறகும் எலும்பும் இறைந்து கிடந்தன. கேமராவுக்கு அந்தப் பக்க விளிம்பு மட்டும், வழித்துத் தின்ற தட்டுபோல் சுத்தமாக இருந்தது.

அங்கே யாரும் இல்லை.

“தங்கம்…” கதவிடுக்கில் முகத்தை வைத்துச் சொன்னாள். “பச்சக் குஞ்சுங்கடா. விட்டுரு. பசிச்சா வீட்டுக்கு வா. அக்கா போடறேன்.”

காற்று நின்றது.

அவள் பிடரியில் யாரோ வெதுவெதுப்பாக மூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். கீழே கூடத்தில் மேலாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “ஊட்டுதும்மா! குஞ்சுக்கு ஊட்டுது!” திரையில் தாயின் அலகு குஞ்சுகளின் வாய்க்குள் போய்வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் காலம் கடந்திருந்தது. கொடுத்த சதை குஞ்சுகளின் வாயிலிருந்து அப்படியே நழுவி விழுந்தது. வெயில் தாழ்வதற்குள் இரண்டும் அடங்கின. தாய் அவற்றின் மேல் சிறகை விரித்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து பறந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு வடித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. தட்டில் போட்டு, எதிரே உட்கார்ந்தாள். ஆவி அடங்கியது. சோறு ஆறியது. ஒரு பருக்கைகூட அசையவில்லை.

வரவில்லை, நல்லவேளை என்று தட்டை எடுக்க எழுந்தாள்.

சமையலறை ஜன்னலில் சிறகடிக்கும் சத்தம்.

வல்லூறு ஜன்னல் திட்டில் வந்து உட்கார்ந்தது. காலடியில் இன்னும் துடித்துக்கொண்டிருந்த ஒரு புறா. அது நிதானமாக ஒரு துண்டு கிழித்தது. அவளை ஏறிட்டும் பார்க்காமல், அவள் தோளைத் தாண்டிக் கழுத்தை நீட்டியது.

அலகு காலியாகத் திரும்பியது.

அவள் தோளில் ஏதோ வெதுவெதுப்பாகச் சொட்டியது.