மூன்றாம் பாட்டில் ஓர் இருமல்

“ஏங்க, இருமுறதுகூடவா பாட்டுல சேர்த்தி?”

“சும்மா இரு லோசனி. அதுதான் விசேஷமே. எந்த ஊரு மண்டபத்துலயோ ஒக்காந்து பாட்டுக் கேட்ட மனுசன், இப்ப நம்ம வளவுக்குள்ள வந்து இருமுறாரு.”

“செத்தவுக இருமலையெல்லாம் தேடித் தேடி வாங்கியாறீக. உசிரோட இருக்கவ தும்முனா மட்டும் மொறைக்கிறீக.”

அழகுசுந்தரம் சிரித்துவிட்டார். மீனலோசனியும் சிரித்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, “ஏங்க, ஒண்ணு கேக்கணும்” என்றாள். அவர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். இசைத்தட்டின் இந்தப் பக்கம் முடியட்டும் என்று அர்த்தம். முடிந்து அவர் நிமிர்ந்தபோது அவள் அடுப்படியில் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதத்தில் நடந்த பேச்சு அது. டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும், பைக்கில் வரும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும் அவர் மனம் அந்தப் பேச்சையே திரும்பத் திரும்ப ஓட்டியது. அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

என்ன கேட்க வந்தாள் என்பது அவருக்குத் தெரியாததில்லை. பிள்ளை கூட்டிக்கொள்ள வேண்டும். கண்டரமாணிக்கத்தில் பங்காளி முத்துக்கண்ணனுக்கு மூன்று பையன்கள். கடைக்குட்டி, விசேஷ வீடுகளில் லோசனியின் மடியை விட்டு இறங்க மாட்டான். பிள்ளையில்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளையை ஊரைக் கூட்டி, மாலையிட்டுத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது அவர்கள் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். ஆனால் புருஷன் வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் பெண்டாட்டி மட்டும் போய்ப் பிள்ளை கேட்க முடியாது. சரி என்று சொல்லிவிட்டால், தங்களுக்கென்று ஒன்று இனிப் பிறக்கப்போவதில்லை என்று தானே முடிவு கட்டியதாகிவிடுமே என்று அவருக்குப் பயம். அதனால் அவள் “ஒண்ணு கேக்கணும்” என்று தொடங்கும்போதெல்லாம் அவர் கை ஓர் இசைத்தட்டைத் தேடிப் போய்விடும். வருஷக்கணக்காக அப்படியே போயிற்று.

இளவயதில் பினாங்கில் மாமா கடையில் இருந்தபோது, எதிர் ஓட்டலிலிருந்து மிதந்து வந்த சாக்ஸபோனில் தொடங்கிய பித்து அது. ஜாஸ் இசையில் ஒரே ஆள், ஒரே பாட்டை மறுநாள் வாசித்தாலும் அது வேறு பாட்டு. வாசிக்க வாசிக்கப் பிறந்து, வாசித்து முடித்ததும் செத்துப்போகும். அந்த ஒரு தடவையைப் பிடித்து வைத்திருப்பது தட்டு மட்டும்தான். அதனால்தான் அவர் சபையில் வாசித்துப் பதிவுசெய்த தட்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார். அறையில் இரண்டு தேக்கு பீரோ நிறைய அவைதான். மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, முற்றத்தைச் சுற்றிய வளவில் இசைத்தட்டுப் பெட்டியை வைத்து ஒரு பக்கம் கேட்பார். வழவழத்த சுண்ணாம்புச் சுவர்களிலும் தூண்களிலும் பட்டு வரும் பேஸ் வாத்தியத்தின் உறுமல், நெஞ்செலும்புக்குள் யாரோ நடப்பது போலிருக்கும்.

இந்தத் தட்டு பழைய சாமான் கடை லட்சுமணனிடம் கிடைத்தது. உறையில்லை, பெயரில்லை. மூன்றாம் பாட்டில் சாக்ஸபோன் ஓய்ந்து பேஸ் மட்டும் தனியே நடக்கும்போது ஓர் இருமல், அடுத்து கண்ணாடிக் கோப்பை இடிபடும் ஒலி, பிறகு இடப்பக்கத்தில் ஒரு பெண்ணின் செருமல். எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஆடி மாத மத்தியானம் ஒன்றில் அந்த இடத்தில் இருமல் வந்தது, கோப்பை வந்தது, செருமலுக்கு முன்னால் ஒரு கிரீச் வந்தது.

தட்டில் கீறலாக இருக்கலாம். ஊசியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் கிரீச். கொஞ்சம் பொறுத்து, எதிர்ப்பக்கம் போய் வந்தது போல, இன்னொரு கிரீச். தன் வீட்டு ஊஞ்சல் சங்கிலியின் ஒலி என்று அவருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். லோசனி ஊஞ்சலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊஞ்சல் முன்னும் பின்னும் போய்வந்தது. சத்தமில்லாமல்.

அடுத்த வாரம் வேலைக்கு வரும் சின்னத்தாயி, “ஐயா, குக்கரு ஆவியத் தள்ளுது, விசில் மட்டும் அடிக்க மாட்டேங்குது. பேயி கீயி புடிச்சிருக்கா, இல்ல எனக்குத்தான் காது போச்சா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்று மத்தியானம் டிரம் அடிகளுக்கு நடுவே தட்டில் விசில் வந்தது. பிறகு முற்றத்துப் புறாக்களின் குனுகல். பிறகு லோசனியின் கைவளை. ஒவ்வொன்றும் தட்டுக்குள்ளே போகப் போகப் பாட்டு கொஞ்சம் மெலிந்தது. சாக்ஸபோன், விலகிப் போகும் ஆள் வாசிப்பது போலத் தேய்ந்தது. சபையார் மட்டும் அப்படியே இருந்தார்கள். இருமல் முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

லட்சுமணனிடம் ஓடினார்.

“அமராவதிபுதூர் பக்கம் ஒரு வீட்ட இடிச்சப்ப வந்த தட்டுண்ணே அது” என்றான் அவன், ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் துடைத்தபடி. “அந்த வீட்ட நெனச்சா இன்னும் ஒரு மாதிரித்தான் இருக்கு. அம்புட்டுப் பெரிய செவுரு விழுந்துச்சு, சத்தமே வரலண்ணே. தூசி மட்டும்தான் வந்துச்சு.”

“தட்ட நீயே திருப்பி எடுத்துக்க லட்சுமணா.”

“வேணாம்ணே.” அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்குட்டே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டப் போனார். பூட்டியிருக்க வேண்டும். ஆனால் சேகரிக்கிறவன் கை கேட்கவில்லை. இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது? ஒரே ஒரு தடவை. தட்டைச் சுழலவிட்டார். பேஸ் நடந்தது. இருமல். பிறகு, சபையின் நடுவிலிருந்து, தெளிவாக, நல்ல பிரியமாக ஒரு குரல்.

“ஏங்க.”

அடுப்படி வாசலில் லோசனி நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரைக்குடியில் இரண்டு டாக்டர்கள், மதுரையில் ஒருவர். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அழகுசுந்தரம் தட்டைப் பூட்டிச் சாவியைச் சாமி அறையில் வைத்தார். உடைக்கவும் பயம். உடைத்தால் அவள் குரலும் அதோடு போய்விடாதா? லோசனி செல்போனில் எழுதிக் காட்டினாள். “உப்பு பாருங்க.” “பால்காரர் வந்தார்.” ஒருநாள் அழகுசுந்தரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னைக்கு என்னமோ கேக்க வந்தியே, அத எழுது தாயி” என்று கெஞ்சினார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ராத்திரியெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. காலையில் கடைக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரு தெளிவு வந்தது. தானே கேட்டுவிடுவது. கடைக்குட்டியை இந்த வீட்டுப் பிள்ளையாகக் கேட்டுவிட்டு, சம்மதத்தோடு போய் அவள் முன்னால் நிற்பது. முத்துக்கண்ணனுக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்கண்ணே” என்றான் முத்துக்கண்ணன். பின்னால் பையன்கள் சண்டையிடும் சத்தம். “அண்ணே? அலோ? டேய், கொஞ்சம் சும்மா இருங்கடா… அண்ணே, ஒண்ணுமே கேக்கலயே. டவர் இல்லாத எடத்துல இருக்கீகளா?”

அழகுசுந்தரம் கத்தினார். நெஞ்சு புடைத்தது, கழுத்து நரம்பு இழுத்தது. கடைப் பையன் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் தலை நிமிரவில்லை.

தட்டு பூட்டியல்லவா இருக்கிறது?

அப்படியானால், இப்போது, வீட்டில் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

பைக்கை எப்படி ஓட்டினார் என்று தெரியாது. உச்சி வெயிலில் தெரு ஈ காக்கை இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. படி ஏறும்போதே செல்போனில் எழுதினார். “பிள்ளை கூட்டிக்குவோம் லோசனி. நாளைக்கே போவோம்.” எழுத எழுதக் கண் கலங்கியது. நிலைக்கதவைத் தள்ளினார். வெண்கலக் குமிழும் தாழ்ப்பாளும் சுவரில் மோதின. ஒலி இல்லை. செருப்புக் காலால் கல் தளத்தில் ஓடினார். ஒலி இல்லை. ஊதுவத்தி வாசனை மட்டும் வந்தது. அதற்கடியில் வேறொரு வாசனை. பழைய சுருட்டு. ஈரக் கம்பளி.

வளவில் நாற்காலிகள்.

வீட்டில் இருந்த அத்தனை நாற்காலிகளும். சாப்பாட்டு நாற்காலி, பிரம்பு நாற்காலி, விசேஷங்களுக்கு அடுக்கிவைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. தூணிலிருந்து தூண் வரை, வரிசை வரிசையாக, ஒரு சபைக்குப் போட்டது போல. எல்லாம் காலி. எதிரே லோசனி. கல்யாணப் பட்டுச் சேலை. தலை நிறையப் பூ. முகத்தில், அவர் எத்தனையோ காலமாகப் பார்க்காத ஒரு நிறைவு.

பக்கத்தில் பெட்டி. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. பாட்டு கொஞ்சம்கூட மிச்சமில்லை. ஊஞ்சல், விசில், புறா, வளையல். பிறகு அவருடைய குரல், கடையில் கத்திய அதே கத்தல்: “உன் சின்னவனக் குடு முத்து! எங்களுக்குக் குடு!” அதைக் கேட்டு யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

அவர் ஓடிப்போய் அவள் முன்னால் போனை நீட்டினார். படி. படி லோசனி. சரிங்கிறேன். நான் சரிங்கிறேன். அவர் உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவுதான். அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாவம் என்பது போலத் தலைப்பால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தினாள்.

தட்டின் அந்தப் பக்கம் முடிந்தது. ஊசிக்கரம் தானே எழும்பி ஓரத்தில் போய் அமர்ந்தது. தட்டு மெதுவாகி நின்றது.

நின்றும் சத்தம் நிற்கவில்லை.

ஒரு நாற்காலி முன்னுக்கு இழுபட்டது. இன்னொன்று. துணி சரசரப்பு. பேச்சு அடங்கியது. முதல் வரிசையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில், காலியாகக் கிடந்த பிரம்பு நாற்காலியின் பின்னல் மெல்லக் குழிந்தது. அங்கிருந்து ஓர் இருமல். பிறகு பொறுமையான, ஆழ்ந்த அமைதி. யாரோ சொல்லப்போவதை எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற அமைதி.

அவளைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. இரண்டு கைகளையும் குவித்து, நாற்காலிகளைப் பார்த்து மீனலோசனி வாய் திறந்தாள். அவளுடைய சொந்தக் குரல்.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு நான் கேக்குறதுக்கு நேரமே வாய்க்கல. நீங்களாச்சும் எனக்கு ஒரு பிள்ளையத் தாங்க.”