எருமைக் கதையை எழுதியது யார்?

“என் பேரும் வருமாடி?”

“வராம எங்க பூடும்? கதைக்கு மேலயே வரும். பாக்கியமேரின்னு முழுசா வரும்.”

“பாப்பான்னு போட்டுடப் போறாங்க.”

“அதான் நான் எழுதறேன் இல்ல? நீ கதைய சொல்லு.”

இருபது நாளைக்கு முன்னால் ஏரிக்கரையில் உட்கார்ந்து பாக்கியமேரியோடு பேசிய பேச்சு இது. முனியம்மாள் அக்கா வீட்டு வாசலில் நின்ற கஸ்தூரிக்கு அது இப்போது ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. அவள் கையில் ‘ஏரிக்காற்று’ பத்திரிகை விரிந்திருந்தது. பதினோராம் பக்கத்தில் சிவப்பு மையில், ‘எருமை வீடு திரும்புகிறது. எழுதியவர்: கஸ்தூரி’ என்று இருந்தது.

‘ஏரிக்காற்று’ அச்சடித்த பத்திரிகை இல்லை. கையால் எழுதுவது. மாதத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். உத்திரமேரூரில் ஒரு வீட்டில் மூன்று நாள் இருக்கும். பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். காஞ்சிபுரத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த சுகுமார் அண்ணன்தான் ஆசிரியர்.

அவர் வேகமாக எழுதினால் அதை அவராலேயே மறுபடி படிக்க முடியாது. அதனால் ஆறாம் வகுப்பு படிக்கும் கஸ்தூரி தானாகவே போய்க் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். வருகிற கதை, கவிதை எல்லாவற்றையும் அவள்தான் அழகாக எழுதித் தருவாள். படம் போடுவதும், தலைப்பையும் பெயரையும் சிவப்பு மையில் நிதானமாக எழுதுவதும் அண்ணனின் வேலை.

அட்டையில் ஒரு வரி உண்டு. ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம். எல்லோருக்கும் இடம் உண்டு.’ ஏழு மாதமாக அந்த வரியை எழுதி வருவதும் கஸ்தூரிதான்.

நேற்றுச் சாயங்காலம் தன் மகன் அந்தக் கதையை உரக்கப் படித்ததாகவும், தெருவே நின்று கேட்டதாகவும் முனியம்மாள் அக்கா சொன்னார். “எருமைய நேர்ல பாத்த மாதிரி கீதுடி. கெட்டிக்காரி நீ” என்று கன்னத்தைக் கிள்ளினார்.

கஸ்தூரி அடுத்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தெருவே கேட்டது என்றால் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அடுத்த வீடு பாக்கியமேரியின் வீடு.

பாக்கியமேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. பத்து வயதாகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கஸ்தூரி போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கதையில எருமைக்குக் கூட கங்கான்னு பேரு போட்டுக்கிற. எனக்குதான் பேரு இல்ல.”

பெயர் எழுதியது தான் இல்லை, சிவப்பு மை தன்னிடம் கிடையவே கிடையாது என்று கஸ்தூரி படபடவென்று சொன்னாள்.

“எனக்கு செவப்பும் தெரியாது, கறுப்பும் தெரியாது. நீ போ” என்றாள் பாக்கியமேரி.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கஸ்தூரி முனியம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகையோடு சுகுமார் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அவர் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க எழுத்தாளரே” என்று சிரித்தார்.

கஸ்தூரி பத்திரிகையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் சட்னி கொஞ்சம் தெறித்தது. “என் பேரை யாரு போடச் சொன்னது?”

அண்ணன் பொறுமையாக விளக்கினார். போன மாதம் வந்த நாலு கவிதைக்கும் புனைபெயர். அலைமைந்தன், இடிமுழக்கன் என்று போட்டதில் யார் எழுதியது என்றே ஊருக்குத் தெரியவில்லை. இடிமுழக்கன் தபால்காரர் மகன்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அதனால் இந்த மாதம் முதல் புனைபெயர் கிடையாது, சொந்தப் பெயர்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

“மத்தவங்க கதைக்கு அவங்க எழுதின தாள் வரும். இதுக்கு உன் கையெழுத்து மட்டும்தானே? பாக்கியமேரின்னு பேர் வச்சுக்கினா நான் ஏமாந்துடுவேனா?”

“அது புனைபெயர் இல்ல. முனியம்மாள் அக்காவுக்குப் பக்கத்து வூடு. அவ சொன்னா, நான் எழுதினேன்.”

“யாரு, பாப்பாவா? அவ பேரா இது?”

“ஒரே தெருவுல கீறீங்க. ஒரு தபா கேட்டுக்கிறீங்களா அவளை?”

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்தார். கண் தெரியாத பெண்ணால் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது, கஸ்தூரி நல்ல மனதால் தோழியின் பெயரைப் போடப் பார்க்கிறாள் என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கஸ்தூரிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அழுதால் தோற்றுவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கதைய எடுங்க. அதுல ஒரு கலர் காட்டுங்க, போதும்.”

அண்ணன் படித்தார். சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம் இருந்தது. ஈர வால் முதுகில் அடிக்கும் சத்தம் இருந்தது. வைக்கோல் வாசனை இருந்தது. வெயில் கன்னத்திலிருந்து தோளுக்கு இறங்கி, பிறகு இல்லாமல் போனது. அதுதான் அந்தக் கதையில் சாயங்காலம். நெல்வயலில் பச்சை இல்லை. எருமையில் கறுப்புகூட இல்லை.

“நான் எழுதியிருந்தா மொதல் வரியிலயே கறுப்பு எருமைன்னு எழுதியிருப்பேன்” என்றாள் கஸ்தூரி.

அண்ணன் முதலிலிருந்து மறுபடி படித்தார். அடுத்த மாதம் கடைசிப் பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்று மெல்லச் சொன்னார்.

“அடுத்த மாசம் யாரு எழுதுவாங்க? நான் எழுத மாட்டேன். ஒரே ஒரு பிரதிதானே, இப்பவே மாத்துங்க. அவ வூட்டுக்கு வந்து, அவ எதிர்லயே மாத்துங்க. முடியாதுன்னா அட்டையில கீற வரிய அடிச்சுடுங்க.”

அண்ணன் சிவப்பு மைப் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாக்கியமேரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கஸ்தூரியின் பெயரை அடித்தார். பேனா கீறும் சத்தத்தைப் பாக்கியமேரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். எழுதி முடித்து அவர் வாய்விட்டுப் படித்தார்: “எழுதியவர், பாக்கியமேரி.” தப்பு தன்னுடையதுதான், கஸ்தூரிக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொன்னார்.

பாக்கியமேரி கையை நீட்டித் தேடி, கஸ்தூரியின் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

“வலிக்குதுடி.”

“வலிக்கட்டும்.” ஆனால் பிடித்த கையை விடவில்லை.

அடுத்த மாதமும் ஒரு கதை தர வேண்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தார்.

“நில்லுங்க” என்றாள் பாக்கியமேரி. அவள் குரலில் கோபம் அப்படியே இருந்தது. “படிக்கத் தெரியாதவங்க வூட்டுக்கு இது போனா இன்னா பண்றாங்க?”

படம் பார்த்துவிட்டுப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

உடனே அவள் முதல் மாதம் அண்ணன் எழுதிய தலையங்கத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கஸ்தூரி ஒரே ஒரு தடவை படித்துக் காட்டியது அது. ஒரு சொல் தப்பவில்லை. அது முடிந்ததும் இரண்டாம் மாதத் தலையங்கத்துக்குப் போனாள். அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார்.

ஏழு மாதமாகக் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட ஒன்று அவளிடம் இருந்தது. கூடவே இருந்த கஸ்தூரிக்கும் அது தெரியாது. பாக்கியமேரி கஸ்தூரியின் கையை இறுக்கிக்கொண்டாள்.

“அந்த வூடுங்களுக்கு நான் போயி, எல்லாத்தையும் வாயால சொல்றேன். இவளுக்கு எழுதற வேல குடுத்தீங்க இல்ல? எனக்கும் ஒரு வேல குடுங்கண்ணா.”